சேதம் ஏற்பட்ட பின்

மூன்று வருடம் எழுதினேன்.
மதகின் பலகை துருப்பிடித்து அப்பளம்போல ஆகிவிட்டது,
திருகுக் கம்பி நின்ற இடத்திலேயே சுற்றுகிறது,
எட்டு லட்சத்து நாற்பதாயிரம் சாட் ஆகும்,
வெல்டரின் கையெழுத்தோடு மதிப்பீடு இணைத்திருக்கிறேன்,
இப்படிக்கு ஞாங்பின்தா, பெகு.
மூன்று முறையும் ஒரே பதில்.
மூன்றாவதில் தேதியைக்கூட மாற்றவில்லை:
'சேதம் ஏற்பட்ட பின் விண்ணப்பிக்கவும்.'

ஏற்பட்டது.

ஆடி, பௌர்ணமிக்கு மறுநாள்.
அரிசி ஆலைச் சுவரில் மூட்டைக் கொக்கிகள் மூன்று.
தண்ணீர் வடிந்த காலையில்
மேல் கொக்கியில் ஒரு வாத்து மாட்டியிருந்தது.
எங்களிடம் இருந்த அளவுகோல் அதுதான்.
ஒன்பது நாள். நாற்று அழுகிய வாடை
சோற்றில் வந்தது, தலைமுடியில் வந்தது.

பிறகு வந்தார்கள்.
நான்கு படகு, பதினோரு பேர், ஒரு பெயர்ப்பலகை.
பலகை நட இடம் தேடியே அரைநாள் போயிற்று,
எங்கே நட்டாலும் சேற்றில் சாய்ந்தது.
நூடுல்ஸ், சோப்பு,
குழந்தை இல்லாத வீட்டுக்கும் பால்மாவு.
கூரைத் தகரம் வீட்டுக்குப் பன்னிரண்டு,
நாற்பத்தேழு வீடு, ஐந்நூற்று அறுபத்து நான்கு.
'மதகு?' என்றேன்.
'அது வேறு நிதிம்மா' என்றார்.
நல்ல மனிதர்தான். செருப்பைக் கையில் பிடித்திருந்தார்.

கணக்கு எழுதுவது நான்.
அடையாள அட்டையில் மா தண்டா, கோயில் ஏட்டில் அஞ்சுகம்.
இரண்டு பெயரிலும் அதுவரை பொய் எழுதியதில்லை.

பிக்குகளின் மடத்துக் கூடத்தில்தான் எல்லோரும் படுத்திருந்தோம்.
அங்கேயே சொன்னேன்:
வீட்டுக்கு இரண்டு தகரம். விற்போம். மதகு போடுவோம்.
செங்கேணி எழுந்தார்.
'என் அடுக்களை இப்போ ஒழுகுது.
அடுத்த வருஷத்து வெள்ளம் அடுத்த வருஷந்தானே வரும்.'
அதில் பிழை ஒன்றும் இல்லை.
பேனாவை மூடினேன், திறந்தேன், மூடினேன்.
அவர் பன்னிரண்டையும் வைத்துக்கொண்டார்.
மற்ற நாற்பத்தாறு வீடும்
இரவோடு இரவாக இரண்டிரண்டாகக் கொண்டுவந்து போட்டது,
தகரத்தின் மேல் தகரம் விழும் சத்தத்தில்
மடத்து நாய்கள் விடியும்வரை குரைத்தன.

தகரம் ஒன்பதாயிரத்துக்குப் போனது.
மோ லின் ஆறு நாள் வெல்டு அடித்தான், கண்ணாடி இல்லாமல்.
பன்னிரண்டாயிரம் துண்டு விழுந்தது.
அது என் பெயரில் கடன், இன்னும் இருக்கிறது.
ஏட்டில் எழுதினேன்:
தகரம், 564, பொருத்தப்பட்டது.

இந்த வருடமும் ஆடி வந்தது.
மதகை இறக்கினோம்.
வெளியே இரண்டாம் கொக்கி உயரத்துக்கு ஆறு,
உள்ளே முழங்கால் உயரப் பயிர்.
அவ்வளவுதான் நடந்தது.
வராத வெள்ளத்தை யாரும் படம் எடுப்பதில்லை.

அந்த வாரம்தான் ஆடிட்டர் உ ஓன் பே.
வீடு வீடாக அண்ணாந்து எண்ணினார்,
நடுவில் மறந்து மறுபடி முதலிலிருந்து.
நானூற்று எழுபத்திரண்டு.
மதகின் மேல் ஏறி நின்று
புதுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:
'மீதித் தொண்ணூற்றிரண்டு எங்கே?'
அவர் காலுக்கடியில் ஆறு முட்டிக்கொண்டிருந்தது.

நான் வாயெடுக்குமுன்
'காத்து கொண்டுபோச்சு, சயா' என்றார் செங்கேணி.

உ ஓன் பே மரங்களைப் பார்த்தார்.
வாழையிலைகூட அசையவில்லை.
குனிந்து, இரும்பில் ஓடிய வெல்டுத் தழும்பைப் பார்த்தார்,
ரொம்ப நேரம் பார்த்தார்.
பிறகு எழுதினார்: காற்று, 92.

அன்றிரவு மழை.
சட்டி, தூக்குவாளி, பால்மாவு டின்
எது கிடைத்ததோ அதை அடுக்களையில் வைத்தோம்.
ஊர் முழுக்கச் சொட்டுச் சத்தம்,
ஒரு வீட்டைத் தவிர.
நடுச்சாமம் இருக்கும்,
அந்த வீட்டுக் கதவு திறந்தது.
டார்ச் வெளிச்சம் ஒன்று
சேற்றில் வழுக்கி வழுக்கி
மதகுப் பக்கம் போயிற்று.